வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து: கிராம சபைப் பற்றாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராம சபைக் கூட்டங்களுக்குப் பற்றாளராக வரும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

இதை மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாமே என்றார் என் கணவர். முதலமைச்சருக்கே எழுதம்மா என்றாள் மகள். இரண்டு பேருக்கும் எழுதலாம்தான். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். பிறகு அந்த மனு ஒவ்வொரு படியாக இறங்கி, ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, கடைசியில் உங்கள் மேசையில்தான் விழும். அந்தச் சுற்று எதற்கு என்று நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நகரத்துக்காரர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. அவர்களுக்காக ஒரு வரி: தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கிராம சபை கூடும் நாளில் ஒவ்வோர் ஊருக்கும் அரசின் சார்பில் ஓர் அலுவலர் வந்து உட்கார வேண்டும். அவர்தான் பற்றாளர். நல்ல பெயர். பற்று என்றால் அன்பு என்றும் பொருள் உண்டு. எங்கள் மகளிர் குழுக் கணக்கு நோட்டில் பற்று என்றால் கையை விட்டுப் போனது என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருளில் அரசு இந்தப் பெயரை வைத்ததோ, இந்த மடலைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

நான் தென் மாவட்டம் ஒன்றில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊராட்சி ஒன்றில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பதினான்கு ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். நோட்டு எழுதுவதுதான் அந்தப் பொறுப்பில் பெரிய வேலை. நான் சொல்ல வந்த விஷயமும் ஒரு நோட்டைப் பற்றியதுதான்.

முதலில் எங்கள் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழுவில் பதினைந்து பேர். மாதம் இரண்டு கூட்டம். பாயை விரித்து, சேமிப்பையும் தவணையையும் எண்ணி முடித்த பிறகு, அடுத்த கடன் யாருக்கு என்று பேச்சு நடக்கும். சில நாள் அது சண்டையில் போய் முடியும். பேசி முடித்ததை நான் தீர்மான நோட்டில் எழுதுவேன். மினிட் நோட்டு என்றுதான் எல்லாரும் சொல்வோம். எழுதியதும் உரக்க வாசிக்க வேண்டும். "இன்னாருக்கு ஆடு வாங்க இருபதாயிரம், இருபது தவணை" என்று வாசிப்பேன். சுவரில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், தலையைத் தூக்கி, "இருபது தவணை என்று யார் சொன்னது? பதினைந்து என்றல்லவா பேசினோம்" என்பார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வைப்போம். அதற்குப் பிறகுதான் கையெழுத்தும் கைரேகையும். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே இடம் மிச்சமிருந்தால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிடுவோம், யாரும் பிறகு ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது என்று.

இருபதாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு சடங்கு. சலித்துக்கொண்டே செய்கிறோம், ஆனாலும் விடாமல் செய்கிறோம்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் 15. கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். சபைக்கு வராவிட்டால் அடுத்த வாரம் வேலை இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அது பொய் என்று தெரிந்தும் வந்தார்கள். பொய்யாக இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? ஆண்கள் பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நின்றார்கள். உட்கார்ந்தால் கூட்டத்துக்கு வந்ததாகிவிடும் அல்லவா.

கூட்டம் தொடங்கவில்லை. நீங்கள் வந்து அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் நோட்டு சுற்றுக்கு வந்துவிட்டது. முதல் பக்கத்தின் மேலே தேதியும் ஊராட்சியின் பெயரும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. புரட்டினேன். நான்கு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஐந்தாம் பக்கத்திலிருந்து கையெழுத்து.

"நடுவில் ஏன் இவ்வளவு இடம்?" என்று நோட்டைக் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பிறகு எழுதிக்கொள்வார்கள் அக்கா, நீங்கள் போடுங்கள். கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வேண்டும் என்ற குறைவெண் வரம்பு வர வேண்டுமாம்."

அவள் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். எங்கள் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டாமல் பேனாவைத் தொடமாட்டாள். இங்கே அவளே வெற்றுத்தாளை நீட்டுகிறாள். நானும் போட்டேன். இதை ஒளிக்க விரும்பவில்லை, நானும் போட்டேன்.

அதன்பின் நீங்கள் எழுந்து கூட்டப் பொருளை வாசித்தீர்கள். மேலிருந்து வந்த சுற்றறிக்கை. கொசு ஒழிப்பு, குடிநீர்ச் சிக்கனம், மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, நூறு நாள் வேலை என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றின் முடிவிலும் "நிறைவேற்றலாமா?" என்றீர்கள். முன்வரிசை தலையாட்டியது. பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி வாசித்தபோது பிளாஸ்டிக் குவளையில் உங்களுக்குத் தேநீர் வந்தது. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் பேச வேண்டியதெல்லாம் சுற்றறிக்கையின் கடைசியில் "இதர பொருட்கள்" என்ற தலைப்புக்குக் கீழே ஒதுங்கி நின்றது. அது வருவதற்குள் வெயில் ஏறி, பாதிப் பேர் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

மிச்சமிருந்தவர்களில் ஒருத்தியாக நான் எழுந்து பேசினேன். எங்கள் கிழக்குத் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. அதற்குச் சிறுபாலம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு பாட்டி இறந்தபோது பெருமழை. பாடையைத் தூக்கியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். பின்னால் வந்த மகன் கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். நடு ஓடையில் கால் சறுக்கி, சட்டியில் தண்ணீர் பட்டு நெருப்பு அணைந்தது. கரையேறி, ஈரச் சட்டியில் மறுபடி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு பார்த்தோம். இதைச் சபையில் சொன்னேன். பந்தலில் சத்தமே இல்லை. வெளியே வண்டியில் சாய்ந்திருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "குறித்துக்கொண்டேன் அம்மா" என்றீர்கள்.

அடுத்த கோடையில் ஊரில் வேலை நடந்தது. மேற்குத் தெருவில், ஏற்கெனவே சிமெண்ட் சாலை இருந்த இடத்தில், அதன்மேல் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். யார் கேட்டார்கள் என்று விசாரித்தேன். "கிராம சபைத் தீர்மானம்" என்று பதில் வந்தது.

இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றியது தமிழ்நாடுதான், 1997-இல். ஓட்டை நிறைய இருந்த சட்டம் அது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்ததுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுகிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த நாள் தீர்மானத்தின் நகலைக் கேட்டேன். முப்பது நாளில் வர வேண்டியது. அலைந்து, மேல்முறையீடு எழுதி, நான்கு மாதம் ஆனது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கினேன்.

வெள்ளையாகக் கிடந்த நான்கு பக்கமும் நிறைந்திருந்தது. அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. மேற்குத் தெருவுக்குப் பேவர் பிளாக் சாலை அமைக்க "பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." சிறுபாலத்தைத் தேடினேன். இல்லை. ஓடை என்ற சொல்லே அந்த நான்கு பக்கத்திலும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவதாக, என் கையெழுத்து. அதற்கு இரண்டு வரி தள்ளி, கொள்ளிச்சட்டி தூக்கியவனின் மனைவியின் கைரேகை.

ஐயா, அம்மா, அந்த நான்கு பக்கத்தை நீங்களே எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்து ஊராட்சிக் கூட்டத்துக்கும் போக வேண்டியிருந்தது, பன்னிரண்டரைக்கே வண்டி ஏறிவிட்டீர்கள். நோட்டு இங்கேயே தங்கிவிட்டது. பிசகு அதில்தான் இருக்கிறது என்கிறேன்.

பொதுமக்கள் அரசின் முடிவுகளில் எப்படிக் குரல் கொடுப்பது என்று நகரத்தில் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். எங்களுக்கு வழி தெரியாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது; அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று அது சொல்கிறது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுப்பது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளைச் சரிபார்ப்பது எல்லாம் சபையின் வேலை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நான்காக இருந்ததை ஆறாக்கியது 2022-இல். எண்ணிக்கை ஏறியதில் மகிழ்ச்சிதான். ஆறு முறை கூடி ஆறு முறை வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டால் அதில் எங்களுக்கு என்ன லாபம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் சிறுபாலம் பற்றிப் பேசியபோது, "மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று அருகில் இருந்தவர் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எங்களுக்கும் அதுதான் பழக்கம். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போனால் மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "மாண்புமிகு சமூகத்திற்கு, ஏழை எளியவளான நான்" என்று அவர்கள் தொடங்குவார்கள். குறைதீர் நாளில் அது பொருந்தும்; அங்கே நாம் கேட்பவர், அவர் கொடுப்பவர். கிராம சபையில் அப்படி இல்லையே. அங்கே முடிவெடுக்கக் கூடியிருப்பது நாங்கள். நீங்கள் அதற்குச் சாட்சி. சபை தன் முடிவைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வதற்கு எதற்கு மனு? யார் யாரிடம் கொடுப்பது?

தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவரிடமாவது சண்டை போடலாம். எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்தது தனி அலுவலர் ஆட்சி. முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இப்படித்தான் ஓடியது. தலைவர் பதவிக்குக் காலம் முடியும், வார்டு உறுப்பினருக்கு முடியும். கிராம சபைக்கு மட்டும் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் இருக்கும் வரை அது இருக்கும். அந்த மாதிரி நாட்களில் ஊரின் பெயரால் பேச மிச்சமிருக்கும் ஒரே அமைப்பு அதுதான். அந்த அமைப்பின் ஒரே சொத்து அந்த நோட்டு.

நகரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, "உங்களுக்காவது சபை என்று ஒன்று இருக்கிறது" என்பாள். அவர்களுக்கும் 2022 நவம்பரிலிருந்து பகுதி சபை வந்துவிட்டது. ஆனால் எந்த நாள், எந்த இடம் என்று தெரிவதற்குள் நடந்து முடிந்துவிடுகிறதாம். அவள் கதையை அவள் எழுதட்டும்.

தீர்மானம் என்பது வெறும் காகிதம்தானே, அதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மேலூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி, அரிட்டாபட்டி சுற்றுவட்டாரத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று 2024 நவம்பர் 7-ஆம் தேதி ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த மாதமே 23-ஆம் தேதி கிராம சபை கூடியது. தள்ளிப்போன நவம்பர் 1 கூட்டம் அது. ஊர் ஊராகச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப் பேரவையும் தீர்மானம் போட்டது. ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து. தீர்மானம் மட்டுமே அதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டு போனதும் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் ஊர் ஒத்துக்கொண்டது என்று யாரும் ஒரு வரி காட்ட முடியாதபடி அந்த நோட்டுகள் நின்றன.

ஒடிசாவில் நியம்கிரி மலையில் நடந்தது இன்னும் பெரிது. பாக்சைட் வெட்டுவதற்கு வேதாந்தா நிறுவனத்தின் திட்டம். அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்களின் வழிபாட்டு உரிமையை அவர்களுடைய கிராம சபைதான் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சபை நடக்கும்போது மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும், நிறுவனமோ அரசோ யாரும் மக்களை வளைக்காமல் கூட்டம் நடக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் நாற்காலிதான் அது. அங்கே அந்த இடத்தில் நீதிபதியை உட்கார வைத்தார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி முடிவதில்லை என்பதும் தெரியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15 முதல் பத்து முறைக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறது. திட்டம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அரசு கேட்காமல் போகலாம். கேட்காமல் போனது அரசு என்பதாவது அங்கே எழுத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதுவும் இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை என்று எங்கள் கையெழுத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் உள்ளாட்சி பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. பராந்தக சோழன் காலம், குடவோலை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் என்று. அது பிராமணர்களின் சபை. வீடும் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும். என் தெருவுக்கோ என் போன்ற பெண்ணுக்கோ அங்கே இடமில்லை. அதனால் அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு கிடையாது. ஆனால் அதில் ஒரு விவரத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடத்திலிருந்து எடுத்த ஓலையை நடுவரான மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். வாங்கி வாசிக்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லாரும் வாசிக்க வேண்டும். விரலை மூடினால் ஓலை மாறிவிடும் என்று அன்றைக்கே அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது பாருங்கள். தீர்மானத்தையும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

நான் கேட்பது அந்த ஐந்து விரல்தான்.

அக்டோபர் 2-ஆம் தேதி வாருங்கள். நோட்டைக் கூட்டத்துக்கு முன் சுற்றுக்கு விடாதீர்கள். வருகைக்குத் தனி நோட்டு போதும், குறைவெண் வரம்பை அதில் எண்ணிக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு நூறு பேர், அதை நாங்கள் கூட்டிவிடுகிறோம். சுற்றறிக்கையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கொசு எங்கும் போய்விடாது. "இதர பொருட்கள்" என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு முதல் பொருள். பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போவதற்குள் அதை எடுங்கள். ஒவ்வொன்றையும் பேசி முடித்தவுடன் அங்கேயே, எங்கள் கண்ணெதிரே, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். யாராவது மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். நாற்பது பேர் கூச்சல் போட்ட தீர்மானத்துக்கு "ஏகமனதாக" என்று எழுதுவதைப் போல ஒரு கேலிக்கூத்து கிடையாது. பிறகு கையெழுத்து. மிச்ச இடத்துக்குக் கோடு. மறுநாள் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் ஒட்டுங்கள், வரவு செலவுக் கணக்கைப் பதாகையாக வைக்கிறீர்களே, அதன் பக்கத்தில். அடுத்த சபையைத் தொடங்கும்போது போன சபையின் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லுங்கள். ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டோம். சரி, கோபித்துக்கொள்வோம், ஆனால் மறுபடியும் வருவோம்.

இதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கூடுதலாக நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. அரசு விடுமுறை நாளில் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறீர்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று ஊராட்சி. மாலைக்குள் படமும் அறிக்கையும் மேலே போக வேண்டும். நோட்டில் நேர்மையாக எழுதினால் மேற்குத் தெருப் பெரிய மனிதர் ஒன்றிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவார், உங்களுக்கு மாறுதல் வரும். எங்கள் ஊருக்கு முன்பு வந்த பற்றாளர் ஒருவர் கறாராக இருந்தார். வாசிக்கச் சொன்னார், தலைவரின் கணவர் பதில் சொல்ல எழுந்தபோது "தலைவர் பேசட்டும்" என்று உட்கார வைத்தார். அடுத்த கூட்டத்துக்கு வேறொருவர் வந்தார். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதி அவருக்கு இன்னொரு மாறுதல் வாங்கித் தர எனக்கு மனமில்லை. அவர் பேசச் சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் தலைவரின் குரலை நாங்கள் முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்டோம். நன்றாகவே பேசினார்.

எழுதுவதற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்று சொல்வீர்களானால், எங்கள் ஊராட்சியில் பல மகளிர் குழுக்கள் இருக்கின்றன. குழுவுக்கு ஒருத்தியாவது நோட்டு எழுதிப் பழகியவள். வாசிக்கவும் தெரியும், அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வாங்கவும் தெரியும். பேனா உங்களுடையதாகவே இருக்கட்டும். வாசிக்கும் வேலையை எங்களிடம் கொடுங்கள். சத்தம் போட்டு வாசிப்போம், வண்டியில் சாய்ந்து நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

சிறுபாலம் இன்னும் வரவில்லை. இந்த ஐப்பசிக்குள் வராது என்று எனக்கே தெரியும். அக்டோபர் 2-ஆம் தேதி அதைப் பற்றி மறுபடியும் பேசப்போகிறேன். பேசி முடித்துவிட்டு உட்காரமாட்டேன். நீங்கள் எழுதி, யாராவது வாசித்து, அதில் ஓடை என்ற சொல் என் காதில் விழும் வரை நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கிராம சபை உறுப்பினர் ஒருத்தி

பி.கு.: கைரேகை வைக்கும் மை அட்டை போன முறை காய்ந்துபோயிருந்தது. பாட்டிமார் நான்கைந்து முறை அழுத்தியும் விரல் பதியவில்லை. புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள்.